புதுசில் சத்தம் வரத்தான் செய்யும்

எங்கள் பட்டறைக்கு ஒருமுறை ஒரு ஃபிரிட்ஜ் தானாகவே நடந்து வந்தது.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நிறுத்திய ஃபிரிட்ஜ், மோட்டார் ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து இடம் மாறும். தொழிலில் இருக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். சமையலறையில் இந்தச் சுவரோரம் வைத்தது அந்தச் சுவரோரம் போய் நிற்கும். நான் சொல்கிற ஃபிரிட்ஜ் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே ஏதோ கடகடவென்று சத்தம் வந்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. அது படியிறங்கி, தெருவுக்கு வந்து, சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் கடந்து, எங்கள் வாசலில் வந்து நின்றது. அதற்கு முன்னால் பழுதுபார்க்க வேண்டியவை இரண்டு இருந்ததால் வரிசையில் காத்திருக்கவும் செய்தது. மனிதர்களிடம் இந்தப் பண்பு கிடையாது.

கேட்டவர்களில் ஒருத்திதான் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"வீட்டை விட்டு வெளிய வரும்போதே பிளக் கழண்டிருக்கும்ல மாமா? கரண்ட் இல்லாம மோட்டார் எப்படி ஓடுச்சு?"

கேட்டவள் என் தங்கச்சி மகள். ஆள் சிறுத்தாலும் காரம் குறையாது என்பதால் அவளுக்குக் கடுகு என்று பெயர். அப்போது பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு திரிகிற வயது. "அதை ஃபிரிட்ஜ்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லித் தப்பித்தேன். அதற்குப் பிறகு அவள் வளர்ந்து, படித்து, அப்பாவின் பட்டறையிலேயே வேலைக்கு உட்கார்ந்த பிறகும், நான் யாரிடம் இந்தக் கதையை எடுத்தாலும் பின்னாலிருந்து "பிளக்கு?" என்று ஒரு குரல் வரும். கதை அந்த இடத்தில் படுத்துவிடும்.

அந்தக் குரல் ஒருநாள் நின்றுபோனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பதோடு விற்கவும் செய்கிற பட்டறை, என் தங்கச்சி வீட்டுக்காரருடையது. அவருக்குக் கம்ப்ரசர் என்று பெயர். கோபம் வந்தால் முதலில் உடம்பு நடுங்கும், பிறகு சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். நல்ல மனுஷன். கீழே பட்டறை, மேலே வீடு. மேலே ஓர் அறையில் நான். வேலையிலிருந்து என்னை ஓய்வு பெறச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கதவு ரப்பர் மாற்றுகிற வேலைக்கு என்னைப்போல் கை யாருக்கும் இல்லை என்பதால் கீழேயே இருந்தேன். சாமான் வைக்க அலமாரி கிடையாது. செத்துப்போன ஃபிரிட்ஜ்களுக்குள்தான் ஸ்பேனரும் ஸ்க்ரூவும் ஒயரும் இருக்கும். எங்கள் கணக்குப்பிள்ளையின் சாப்பாடு ஒன்றில் இருக்கும். அது ஓடாத ஃபிரிட்ஜ். அவரும் அப்படித்தான்.

கடுகுக்கு இரண்டு வேலை. ஒன்று, எரிந்துபோன எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்வது. இன்னொன்று, போனை எடுப்பது. போனில் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கம்ப்ரசர் பல வருட அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"புதுசுல கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்ங்க. ஒரு வாரம் பாருங்க. அதுக்கப்புறமும் வந்தா கூப்பிடுங்க."

கூப்பிட மாட்டார்கள். ஒரு வாரத்தில் ஃபிரிட்ஜ் சரியாகிவிடும் என்பதல்ல, காது பழகிவிடும். இந்த ஒரே வாக்கியத்தால் எங்களுக்கு மிச்சமான பெட்ரோலில் ஒரு கப்பலே ஓட்டியிருக்கலாம்.

அந்த வருடம் கடுகு மெல்ல மெல்ல அணைந்தாள். காரணம் கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள். வைக்காவிட்டால் கேட்கவில்லை. போர்டைக் கையில் எடுப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், வைத்துவிடுவாள். போனில் மட்டும் அந்த வாக்கியத்தை ஒப்பிப்பாள். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். "கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார் ஒருவர். அவர் கல்யாணம் பண்ணி முப்பது வருடமாகச் சரியாகாமல் இருப்பவர்.

நான் வேண்டுமென்றே அவள் காதில் விழும்படி, நடந்து வந்த ஃபிரிட்ஜ் கதையை ஒரு தபால்காரரிடம் சொன்னேன். சிக்னல் வரை வந்துவிட்டேன். பிளக்கு என்ற குரல் வரவில்லை. தபால்காரர் "அப்படியா சார்!" என்றார். என் வாழ்நாளில் ஒரு பொய் அவ்வளவு சுலபமாக முடிந்ததும் இல்லை, முடிந்து அவ்வளவு பயமாக இருந்ததும் இல்லை.

அன்றைக்கே தங்கச்சி சொல்லிவிட்டாள். "இது சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

கம்ப்ரசர்தான் அவளை மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து வண்டியை எடுத்தபடி விவரம் சொன்னார்.

"மனச்சோர்வாம் மச்சான். மாத்திரை எழுதியிருக்காங்க. நல்லபடியா வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம். அதுக்குள்ள இருப்பு கொள்ளாம தவிச்சா, தப்பான யோசனை ஏதாச்சும் வந்தா, உடனே கூப்பிடணுமாம்." பிறகு சிரித்தார். "கெட்டிக்கார அம்மா. நாம சொல்றதேதான். எல்லாத் தொழில்லயும் இப்படி ஒரு வாக்கியம் வச்சிருப்பாங்க போல. முன்னாடியே சொல்லி வச்சிட்டா அப்புறம் கஸ்டமர் சண்டைக்கு வரமாட்டான்ல?" பின்பக்கம் திரும்பினார். "ஒரு வாரம் பத்து நாள் பொறுத்துக்கடா கண்ணு. புதுசுல கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். கண்டுக்காதே."

கடுகு ஜன்னல் வழியாகப் பார்த்தபடி தலையாட்டினாள். டாக்டரம்மா அவளிடமும் அதையெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவளுக்கு எல்லாப் பேச்சும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டிருக்கிறது. காதில் தங்கியது அப்பா சொன்ன வாக்கியம் ஒன்றுதான். அது ஏற்கெனவே மனப்பாடம்.

இரண்டாவது வாரம் அவள் நடக்க ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. உட்கார்ந்தால் நாற்காலி சுட்டது மாதிரி எழுந்தாள். டீயை எடுத்துக்கொண்டு நடந்து, குடிக்காமலே எங்காவது வைப்பாள். பட்டறை முழுக்க ஆறிப்போன டீ.

கம்ப்ரசருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா மச்சான், மோட்டார் ஓட ஆரம்பிச்சிடுச்சு!"

"ஓடுது மாப்ளே. குளிரக் காணோமே" என்றேன்.

"முதல்ல ஓடும், அப்புறம்தான் குளிரும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். தங்கச்சி மட்டும், "புள்ள தூங்கவே இல்லண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. கம்ப்ரசர் பின்கட்டில் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கதவு ரப்பரோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டது தையல்கடை அம்மா. நாங்கள் விற்ற ஃபிரிட்ஜ் முனகுகிறதாம். அந்த அம்மா பேசுவது போன் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கும்.

"புதுசுல கொஞ்சம் சத்தம் வரத்தான்" என்று ஆரம்பித்த கடுகு அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஹலோ? ஹலோ? இருக்கியாம்மா?"

"இருக்கேன்." கடுகின் குரல் மாறியிருந்தது. "எப்பப் பாத்தாலும் கேக்குதாங்க? உங்களால பொறுத்துக்க முடியுதா?"

"முடியலம்மா! அதுக்குத்தானே கூப்பிடுறேன்!"

"அப்ப பொறுத்துக்காதீங்க. ஒரு வாரமெல்லாம் பாக்காதீங்க. நீங்க கூப்பிட்டது ரொம்ப நல்லது."

போனை வைத்தாள். எங்கள் பட்டறையில் அப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியும். இருபது வருடம் ஒரே கதையை வேறு வேறு பாதையில் கூட்டிப் போனவன் நான். அன்றைக்கு எந்தப் பாதையும் தென்படவில்லை. நேராகவே கேட்டேன்.

"கடுகு, சாகணும்னு தோணுதா?"

மணி என்ன என்று கேட்டது மாதிரி பதில் சொன்னாள். "தோணுது மாமா."

"எப்பலேருந்து?"

"மாத்திரை ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லேருந்து. அதுக்கு முன்னாடி எதுவுமே தோணாது. இப்ப இது மட்டும் தோணுது. நான் கூப்பிடல. அதுவா வருது, விளம்பரம் மாதிரி. கால் வேற ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. நடந்தா அது பின்னாடியே வருது."

"ஏண்டி சொல்லல?"

"புதுசுல சத்தம் வரத்தான் செய்யும்னு அப்பா சொன்னாருல்ல. நானும் தினம் எத்தனை பேருக்குச் சொல்றேன்." கொஞ்சம் யோசித்தாள். "பழகிடும்னு பாத்தேன்."

"எங்கிட்ட மட்டும் எப்படிச் சொன்ன?"

"நீங்கதான கேட்டீங்க. வேற யாரும் கேக்கல. அதோட, நீங்க போய் வெளியில சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவள் உதட்டோரம் ஒரு நூலிழை அசைந்தது. காரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஆனால் சொன்னது உண்மை. ஊரில் என் வாயிலிருந்து வருகிற எதற்கும் பாதி விலைகூடக் கிடையாது. இப்போது என் கையில் இருந்தது இந்தப் பிள்ளையின் உயிர்.

அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை. "வா, கூடவே வா" என்று கையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

"மாப்ளே, மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுலேருந்து இவளுக்குச் சாகணும்னு நினைப்பு வருது."

கம்ப்ரசர் கேஸ் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி, அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

"அட, சொல்லுங்க மச்சான். அப்புறம் என்னாச்சு? யானை வந்துச்சா?"

"அவ்வளவுதான் மாப்ளே. முடிஞ்சுபோச்சு."

என் கதையில் எப்போதும் ஓர் அப்புறம் உண்டு. அதற்குப் பிறகும் ஓர் அப்புறம் உண்டு. அவர் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பினார். முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மகள் முகத்தை. அவள் தலையை அசைத்தாள்.

குழாய் கையிலிருந்து விழுந்தது. நடுக்கம் வந்தது. சத்தம் வரவே இல்லை. அவர் சத்தம் போடாமல் நடுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நிமிடம் மாடிக்கு ஓடினார்; பின்னாலேயே கடுகைக் கூட்டிக்கொண்டு போய் நான் தங்கச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: புதிதாகப் போட்ட பாகத்துக்குப் பிறகு கோளாறு வந்தால் முதலில் அந்தப் பாகத்தைக் கழற்று. மாத்திரை அட்டையோடு ஜன்னலுக்குப் போனவரைத் தங்கச்சி மறித்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பிளக்கைப் பிடுங்கப் போறேன்! இந்தச் சனியனை இனிமே அவ தொடக் கூடாது!"

"அன்னிக்குக் கண்டுக்காதேன்னீங்க. இன்னிக்குத் தூக்கிப் போடுன்னு குதிக்கிறீங்க. நடுவுல டாக்டர்னு ஒரு மனுஷி இருக்காங்க. உடனே கூப்பிடுன்னு சொன்னாங்கள்ல? கூப்பிட்டீங்களா? உங்களுக்கு ஒண்ணு ஓடுற மெஷின், இல்லேன்னா கண்டம்னு தூக்கிப் போடுறது. எடுங்க அந்தப் போனை. வேணாம், நானே பேசுறேன்."

அவளே பேசினாள். "மாத்திரையோட உடனே கிளம்பி வாங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, கூட்டாதீங்க. அவங்களை ஒரு நிமிஷமும் தனியா விடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

அவசரத்தில் வேனில் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஃபிரிட்ஜை யாரும் இறக்கவில்லை. முன்னால் கம்ப்ரசரும் நானும். பின்னால் கடுகு, தங்கச்சி, ஃபிரிட்ஜ். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் எட்டிப் பார்த்து, "பேஷண்ட் யாரு?" என்றார். "நிக்கிறது இல்ல, உக்காந்திருக்கிறது" என்றேன். உள்ளே விட்டார்.

டாக்டரம்மா முதலில் கடுகோடு தனியாகப் பேசினார். வெளியே பெஞ்சில் கம்ப்ரசர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களையும் கூப்பிட்டார்கள். உட்காரும் முன்பே கம்ப்ரசர் ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் டாக்டர். நீங்க சொன்னதை நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். புதுசுல சத்தம் வரத்தான் செய்யும்னு..."

அவர் தன் வாக்கியத்தின் வரலாறு முழுவதையும் சொல்லி முடிக்கிற வரை டாக்டரம்மா கேட்டார். சிரிக்கவில்லை.

"சத்தம் வர்றது சில சமயம் சாதாரணம்தான். சில சமயம் இல்ல. எந்தச் சத்தம் சாதாரணம்னு யாரு சொல்லணும்? கஸ்டமரா?"

"இல்ல. மெக்கானிக்."

"அதுக்குத்தான் கூப்பிடச் சொன்னேன்."

கம்ப்ரசர் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா கடுகைப் பார்த்தே பேசினார். "இந்த வகை மாத்திரை நிறைய பேரை எழுப்பி நிக்க வச்சிருக்கு. ஆனா சில பேருக்கு, அதுவும் உங்க மாதிரி சின்ன வயசுல, ஆரம்பிச்ச புதுசுலயோ அளவு மாத்தும்போதோ இந்த மாதிரி நினைப்பு வரலாம். இந்த இருப்பு கொள்ளாத தவிப்பும் வரலாம். அரிதுதான், ஆனா நிஜம். வியாதியே கூட இப்படிச் செய்யும். ரெண்டுல எதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா எனக்கு மாத்திரை மேலதான் சந்தேகம். எதுவா இருந்தாலும் வழி இருக்கு."

கடுகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, அந்த நினைப்பு நான் இல்லையா?"

"உங்களுக்கு வந்த நினைப்பு. நீங்க எடுத்த முடிவு இல்ல."

"நான் மொத்தமா கெட்டுப்போயிட்டேன்னு நினைச்சேன். மாத்திரை போட்டும் இப்படின்னா, கண்டம்தான்னு."

கண்டம் என்றால், இனி சரிசெய்ய முடியாது, இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான் என்று எங்கள் தொழிலில் தீர்ப்பு. பிள்ளை எத்தனை நாளாக அந்தத் தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாளோ!

"கண்டமெல்லாம் இல்ல" என்றார் டாக்டரம்மா. "இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கல போலிருக்கு. படிப்படியா குறைச்சு வேற மாத்தலாம். அந்தத் தவிப்புக்கு இன்னிக்கே ஒண்ணு தர்றேன். சீக்கிரம் சீக்கிரமா வந்து என்னைப் பாருங்க. நினைப்பு வந்தா அந்த நிமிஷமே யார்கிட்டயாவது சொல்லிடணும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மாத்திரையெல்லாம் அம்மா கையில இருக்கட்டும். யாராவது கூடவே இருங்க. நினைப்பு வருதான்னு நேரா கேளுங்க. கேட்டா வந்துடுமோன்னு பயப்படாதீங்க. கேட்டதாலதான் இன்னிக்கு இங்க வந்திருக்கீங்க. யாரு கேட்டது?"

மூவரும் என்னைக் கைகாட்டினார்கள். டாக்டரம்மா பாராட்டுகிற மாதிரி பார்த்தார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. உண்மை பேசிப் பாராட்டு வாங்கிப் பழக்கமில்லை.

திரும்பும் வழியில் பின்னால் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஃபிரிட்ஜில் சாய்ந்து கடுகு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் அசையாமல் இருந்தது. தங்கச்சி உதட்டில் விரலை வைத்தாள்.

வீட்டு வாசல் வந்தது. கம்ப்ரசர் நிறுத்தவில்லை.

"நிறுத்தினா முழிச்சுடுவா மச்சான்."

அப்படியே போனோம். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தையல்கடையை நாங்கள் கடந்த போதெல்லாம் அந்த அம்மா வாசலுக்கு ஓடிவந்து கையை ஆட்டினார். ஃபிரிட்ஜைப் பார்க்க ஆள் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். நாங்களும் ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் கையை ஆட்டிவிட்டுப் போனோம். கப்பல் ஓட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பெட்ரோல் அன்றைக்குத்தான் செலவானது. அவள் விழித்தபோது நாங்கள் கடல் தாண்டி அடுத்த கண்டத்துக்குப் போய்த் திரும்பியிருந்தோம். இதை யாரும் நம்புவதில்லை. வேனின் டயரைப் பார்த்தால் தெரியும்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நான் அவ்வளவு சாதாரணமான பொய் சொல்வதில்லை. தவிப்பு முதலில் அடங்கியது. அந்த நினைப்பு அடிக்கடி வந்துகொண்டிருந்தது, எப்போதாவது வந்தது, பிறகு வரவில்லை. கம்ப்ரசர் தினமும் காலையில் போர்டு மேஜைக்கு வந்து நிற்பார். மகளிடம் நேராகக் கேட்க வேண்டும். ஸ்பேனரை எடுப்பார், வைப்பார்.

"என்னப்பா?"

"இல்ல... அந்த... விளம்பரம் வந்துச்சா?"

"இன்னிக்கு இல்லப்பா."

அல்லது, "வந்துச்சுப்பா." அப்படிச் சொல்கிற நாளில் அவர் கேஸ் ஏற்றுகிற வேலையை மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். தங்கச்சி டாக்டரம்மாவைக் கூப்பிடுவாள். புது மாத்திரை வேலை செய்ய அதற்குண்டான வாரங்களை எடுத்துக்கொண்டது. ஒருநாள் கடுகு டீயை உட்கார்ந்த இடத்திலேயே குடித்து முடித்தாள். காலி டம்ளரை நான்தான் முதலில் பார்த்தேன். கணக்குப்பிள்ளையிடம் காட்டினேன். "இதுல என்ன இருக்கு?" என்றார். "ஒண்ணும் இல்ல, அதான் விசேஷம்" என்றேன்.

போனில் சொல்கிற வாக்கியத்தை அவள் மாற்றிவிட்டாள்.

"சத்தம் வந்தா உடனே கூப்பிடுங்க. சாதாரணமா இல்லையான்னு நாங்க பாத்துச் சொல்றோம்."

பட்டறை படாத பாடு படுகிறது. கூப்பிடாதவர்கள் கிடையாது. தையல்கடை அம்மா நேற்றுக்கூடக் கூப்பிட்டார். ஃபிரிட்ஜிலிருந்து சத்தமே வரவில்லையாம், பயமாக இருக்கிறதாம். கம்ப்ரசர் ஒரு நாளைக்கு எட்டு வீடு ஏறி இறங்குகிறார். நடுங்குகிறார், கத்துகிறார், அணைகிறார். "இந்த வாக்கியம் நம்மளைத் தெருவுல நிறுத்திடும்டி!" என்று புலம்புகிறார். மாற்றச் சொல்லி மட்டும் கேட்பதில்லை.

நேற்று சாயங்காலம் புதிதாக ஒரு பெயிண்டர் வந்திருந்தார். ஆள் வெகுளி. எனக்கு வாய் நமநமத்தது. ஃபிரிட்ஜைப் படியிறக்கி, தெருவுக்குக் கொண்டுவந்து, சிக்னலில் நிறுத்தினேன். பெயிண்டர் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இம்முறை கம்ப்ரசர் குறுக்கே விழுந்தார். "இருங்க, இருங்க. வீட்டை விட்டு வந்தா பிளக் கழண்டிருக்கும்ல? அப்புறம் எப்படி அவ்வளவு தூரம் வந்துச்சு? இதுக்கு ஒரு நாளாச்சும் பதில் சொல்லியிருக்கீங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன், போர்டிலிருந்து தலையைத் தூக்காமலே கடுகு சொன்னாள்.

"கழட்டியிருக்க மாட்டாங்கப்பா. யாராவது ஒயரை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே கூட நடந்து வந்திருப்பாங்க."

பெயிண்டர் "ஓ, அப்படியா!" என்றார். கம்ப்ரசர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். கதவு ரப்பரில் எனக்கு அவசரமாக ஒரு வேலை வந்துவிட்டது. குனிந்துகொண்டேன்.

இத்தனை வருடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு அந்த ஃபிரிட்ஜோடு சிக்னலில் ஒயரும் கையுமாக நாலைந்து பேர் நின்றது ஞாபகம் வருகிறது.